சம்பந்தி வீட்டு அம்பாசிடரும் அப்பாவின் பத்மினியும்

எங்கள் வீட்டில் இரண்டு பழைய கார்கள் இருந்தன. என் கணவருக்கு அவருடைய அப்பாவிடமிருந்து வந்த அம்பாசிடர் ஒன்று. என் அப்பாவின் பத்மினி ஒன்று. கல்யாணமாகி முப்பது வருடம் ஆகிறது. அதில் நாங்கள் போட்ட சண்டைகளில் பாதி, இந்த இரண்டில் எது நல்ல வண்டி என்பதைப் பற்றியதாகத்தான் இருக்கும். மற்ற வீடுகளில் நகைக்காகவும் நாத்தனாருக்காகவும் சண்டை வரும். எங்கள் வீட்டில் எந்த வண்டி மேடு ஏறும் என்பதற்காக வரும். கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. எனக்குக் கோபம் வந்தால் நிஜமாகவே வரும்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். வந்து இறங்கும் தோலைப் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை. நாங்கள் அதை செலக்‌ஷன் என்போம். வடக்குப் பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு தோல்களை அடுத்தடுத்து விரித்துப் போட்டு, கையால் தடவி, இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று சாக்பீஸால் குறி போட வேண்டும். பக்கத்தில் இன்னொன்றை வைக்காமல் ஒரு தோலைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். வீட்டிலும் எனக்கு அதே புத்திதான். எதையாவது எதனுடனாவது வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாது.

என் கணவர் அரசுப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். எதையும் எண்ணாகச் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. அம்பாசிடர் எஞ்சின் ஆயிரத்து ஐந்நூறு சிசிக்குக் கொஞ்சம் குறைவு, பத்மினி ஆயிரத்து நூறுக்குக் கொஞ்சம் குறைவு என்று ஆரம்பிப்பார். அதற்கு ஐம்பது குதிரைத்திறன் என்றால் இதற்கு நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே. இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, தீர்ப்பு எழுதிவிட்ட ஜட்ஜ் மாதிரி என்னைப் பார்ப்பார்.

நான் விடமாட்டேன். எடையைச் சொல்லுங்கள் என்பேன். அம்பாசிடர் ஒரு டன்னுக்கு மேல். பத்மினி தொள்ளாயிரம் கிலோவைத் தாண்டாது. ஒரு குதிரை எத்தனை கிலோவை இழுக்கிறது என்று வகுத்துப் பாருங்கள் வாத்தியாரே என்றால், அவர் வகுக்கவே மாட்டார். வகுத்தால் பத்மினி ஒரு மயிரிழை முன்னால் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். உடனே பேச்சைத் தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் நடுவே உள்ள உயரத்துக்கு மாற்றிவிடுவார். வரப்பு மேல் ஏற்றினாலும் அம்பாசிடர் அடி தட்டாது, டிக்கியில் வேர்க்கடலை மூட்டை மூட்டையாக ஏற்றலாம், பின் சீட்டில் ஒரு குடும்பமே உட்காரலாம் என்பார். நான் மைலேஜுக்குப் போவேன். ஆம்பூர் சந்துகளில் பத்மினி ஒரே ஒடிப்பில் திரும்பும், உங்கள் வண்டி ரெண்டு தடவை பின்னால் வந்து முன்னால் போக வேண்டும் என்பேன். அதற்குள் சோறு ஆறிப்போயிருக்கும்.

எங்களுக்கு வண்டி பார்க்கும் மெக்கானிக் பாயிடம் ஒருநாள் இரண்டு பேரும் போய் நியாயம் கேட்டோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டுக்கும் பார்ட்ஸ் கெடைக்கல. ரெண்டுமே பேஜார்தான் சார். ஆனா ரெண்டுல எதையும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு வேறு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

உண்மையில் இது வண்டிச் சண்டை இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

நான் வாழ்க்கைப்பட்ட வீடு ஒடுகத்தூரிலிருந்து உள்ளே தள்ளி, மலை அடிவாரத்தில், கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் இருந்தது. அப்பா அப்போது ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் கம்பெனியில் ஃபோர்மேன். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி என்னைப் பார்க்க வருவார். அவர் வருவது தெரிந்தால் என் மாமனார் ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு அம்பாசிடரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நல்ல மனிதர்தான், மரியாதைக்காகத்தான் போவார். ஆனால் அப்பா அந்த வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. கம்பெனியில் முப்பது பேரை ஒரு சத்தத்தில் நிற்க வைக்கிற மனுஷன், அங்கே இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு சீட்டு நுனியில் வருவார். பெண்ணைக் கொடுத்தவர் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது தானாக வந்தது. என் மாமியார் வேறு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பாவம், பஸ்ல வர்றாரு, அதான் நம்ம வண்டிய அனுப்பினோம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்த "பாவம்" எனக்கு இன்றைக்கும் காதில் குத்தும்.

அப்புறம் ஒருநாள் அப்பா தானே ஒரு பத்மினியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். யாரோ டாக்டர் வைத்திருந்த பழைய வண்டி. பாலேடு நிறம். வாங்கியது ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். "பஸ்ல நின்னா இடுப்பு வலிக்குது" என்றார், அவ்வளவுதான். அன்றைக்கு அவர் காலை அகட்டி வைத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து என் மாமனாரோடு சத்தமாகப் பேசினார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து நான் பத்மினி கட்சி.

அந்த வண்டியை அவர் தன் தொழில் அறிவால் ஒரேயடியாகக் கெடுத்ததும் உண்டு. ஒரு கோடையில் சீட்டின் ரெக்ஸின் வெடித்துக் கோடு கோடாகப் பிளந்தது. காய்ந்த தோலுக்கு என்ன செய்வார்களோ அதையே செய்தார். கம்பெனியிலிருந்து மீன் எண்ணெய் கொண்டுவந்து சீட்டு முழுக்கத் தேய்த்துவிட்டார். தோல் குடிக்கும், ரெக்ஸின் குடிக்குமா? எண்ணெய் பிளவுக்குள் இறங்கி உள்ளே இருந்த பஞ்சில் ஊறிக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த வண்டியை எங்கே நிறுத்தினாலும் தெருப் பூனைகள் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். கல்யாண வீட்டுக்குப் போய் இறங்கினால் எங்கள் பட்டுப்புடவையில் மீன் கடை வாசம். என் கணவர் இதை ஒவ்வொரு சண்டையிலும் கடைசி ஆயுதமாக எடுப்பார். "எல்லா ஸ்பெசிஃபிகேஷனும் சரி. வாசனையையும் சேத்து எழுதும்மா" என்பார்.

மாமனார் மாமியார் காலத்துக்குப் பிறகு நாங்கள் ஆம்பூருக்கே வீடு மாறியிருந்தோம். அம்மா போன பிறகு அப்பாவும் எங்களோடு அந்த வீட்டுக்கு வந்துவிட்டார். பத்மினியும் கூடவே வந்தது. எங்கள் போர்ட்டிகோவில் அம்பாசிடர் நிற்கும். பத்மினி பக்கத்துக் காலி மனையில், வேப்ப மரத்தடியில் நிற்கும். கொஞ்ச நாள் எல்லாம் சரியாக ஓடியது. அப்புறம் அப்பாவுக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் சாவி, கண்ணாடி. பிறகு சாப்பிட்டது. பிறகு அம்மா இறந்தது.

மறதியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பரபரப்பைத்தான் தாங்க முடியவில்லை. சாயங்காலம் கம்பெனிகளில் ஷிப்ட் விடும் சங்கு ஊதியதும் அவருக்கு உடம்பில் ஏதோ ஓட ஆரம்பித்துவிடும். குட்டி போட்ட பூனை மாதிரி ஹாலுக்கும் வாசலுக்கும் நடப்பார். சட்டை பட்டனைப் போடுவார், அவிழ்ப்பார், மறுபடி போடுவார். "கெளம்பலாமா? நேரமாவுது. கெளம்பலாமா?" எங்கே என்று கேட்டால் மறுபடி பட்டனுக்குப் போவார். ஒருநாள் நான் வேலையிலிருந்து வருவதற்குள் கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டார். பைபாஸ் ஓரத்தில், லாரிகள் உரசிக்கொண்டு போகும் இடத்தில், வெறும் காலோடு நின்றுகொண்டிருந்தவரை என் கணவர்தான் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் எந்த வண்டி கிளம்புகிறதோ அதில் அவரை உட்கார வைத்து ஒரு சுற்று கூட்டிப்போக ஆரம்பித்தோம். வண்டி ஓடுகிற வரை ஓரளவு அடங்குவார் என்று தோன்றியது. வீட்டுக்குள் பூட்டி வைத்தால் கதவை உடைக்கிற அளவுக்கு வந்துவிடுவார். ஆக, அவர் பத்திரமாக இருப்பதற்கு ஒரு கார் வேண்டும், அது எப்போதும் ஓடுகிற நிலையில் வேண்டும் என்று ஆனது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மனைக்காரர் ஜல்லியைக் கொண்டுவந்து கொட்டிவிட்டார். வீடு கட்டப்போகிறாராம். பத்மினியை எடுக்கச் சொன்னார். தெருவில் நிறுத்தினால் கம்பெனி வேன்கள் திரும்ப முடியாது. இரண்டு கிழட்டு வண்டிகளையும் ஓடும் நிலையில் வைத்திருக்க எங்களுக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. ஒன்று போக வேண்டும்.

எனக்கு யோசிக்கவே தேவையில்லாமல் இருந்தது. அப்பாவுக்காகத்தானே வண்டி? அப்பாவின் கையும் காலும் பழகியது பத்மினி. மூளை மறந்தாலும் உடம்பு மறக்காது. பத்மினி இருக்கட்டும், அம்பாசிடர் போகட்டும் என்றேன். என் கணவர் கோபப்படவில்லை. "நீதான சொல்லுவ, அடுத்தடுத்துப் போட்டுப் பாக்காம எதுவும் சொல்லக் கூடாதுன்னு. பாத்துடலாம்" என்றார். என் வார்த்தையை வைத்தே என்னை மடக்கிவிட்டார். சரி என்றேன். ஏலகிரி மலை ஏற்றம் என்று முடிவாயிற்று. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். எந்த வண்டி அப்பாவை வைத்துக்கொண்டு தொந்தரவு தராமல் ஏறி இறங்குகிறதோ அது வீட்டில் இருக்கும்.

முதல் ஞாயிறு பத்மினி. நான்தான் ஓட்டினேன். அப்பா முன் சீட்டில் என் பக்கத்தில். என் கணவர் பின்னால், மூக்கில் கைக்குட்டையோடு. வாணியம்பாடி தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. வண்டி என்ன அழகாகப் போயிற்று! மூன்றாம் கியரில் மேட்டில் அது போடும் சத்தத்தை நான் தூக்கத்திலும் அடையாளம் சொல்வேன். ஆனால் அப்பா அடங்கவில்லை. இல்லாத கிளட்சை மிதித்தார். இல்லாத பிரேக்கை அழுத்தினார். "ரெண்டாவது போடு! ரெண்டாவது! வண்டி முக்குது பாரு!" என்று கத்தினார். அந்த வண்டியில் கியர், ஸ்டியரிங்குக்குக் கீழே இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் உட்காருகிறவருக்குக் கைக்கெட்டும். ஐந்தாவது வளைவிலோ ஆறாவதிலோ அவர் கையை நீட்டி அதைப் பிடித்து இழுத்துவிட்டார். வண்டி நியூட்ரலில் பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் ஒரு டூரிஸ்ட் பஸ். நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்த இழுப்பில் தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது.

"அவரு வண்டில அவர ஓட்ட விடாம உக்கார வெச்சிருக்கோம். அதான் தவிக்கிறாரு" என்றார் என் கணவர். அது நியாயம்தான். அதனாலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது. முன் சீட்டில் உட்கார வைத்தது தப்பு, பின்னால் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று சப்பைக்கட்டு கட்டினேன்.

அடுத்த ஞாயிறு அம்பாசிடர். என் கணவர் ஓட்டினார். அது பத்மினி அளவுக்குச் சுறுசுறுப்பாக ஏறவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அதற்கு அரை ரோடு கூடுதலாக வேண்டியிருந்தது. ஆனால் அப்பா பேசவே இல்லை. கேட்டால் தலையை மட்டும் ஆட்டினார். மேலே போய் இறங்கித் திரும்பும்வரை அதே மாதிரி. அம்பாசிடர் சீட்டு அகலமானது, ஸ்பிரிங் மெத்தென்றிருக்கும், தாலாட்டுகிற மாதிரி போகும், அதனால்தான் என்றார் என் கணவர். ஸ்பெசிஃபிகேஷன்! எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

ஒரு தடவை பார்த்து முடிவு செய்யக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றேன். அதற்கு அடுத்த வாரங்களில் பத்மினியில் அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துப் பார்த்தேன். என் சீட்டின் முதுகைத் தட்டித் தட்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். அம்பாசிடரில் முன்னால் உட்கார வைத்துப் பார்த்தோம். அங்கேயும் கியர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைத் தொடவில்லை. பக்கத்தில் இருப்பதையே பார்க்காத மாதிரி நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் வாத்தியாருக்குக்கூட இதற்குக் கணக்கு தெரியவில்லை.

எனக்கு விஷயம் பிடிபட்டது செருப்பில். ஒருநாள் அம்பாசிடரில் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால், போர்ட்டிகோவில் அப்பாவின் செருப்பு ஜோடியாக, ஒழுங்காக இருந்தது. அவர் ஏறும்போது கழற்றி வைத்துவிட்டு ஏறியிருக்கிறார். பத்மினியில் சேற்றுக் காலோடு ஏறுகிற மனுஷன். மறுநாள் கவனித்துப் பார்த்தேன். செருப்பைக் கழற்றினார். ஏறி, நுனியில் உட்கார்ந்தார். இரண்டு கையும் முழங்கால் மேல். வேர்த்துக் கொட்டியது. கண்ணாடியை இறக்கும் பிடியை ஒருமுறை பார்த்தார், பிறகு என் கணவரின் பின்தலையைப் பார்த்தார். "கண்ணாடிய எறக்கிக்கலாங்களா?" என்று கேட்டார். அப்படி ஒரு மெல்லிய குரல்.

என் கணவருக்கு இப்போது தலை வழுக்கை. பின்னாலிருந்து பார்த்தால் அப்படியே அவருடைய அப்பா. மறதிக்குள் எங்கேயோ அலைந்துகொண்டிருந்த மனுஷன், அந்த வண்டியில் ஏறியதும் போய் நிற்கிற இடம் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் சம்பந்தி வீட்டு வண்டியில் போய்க்கொண்டிருக்கிறார். சம்பந்தி வண்டியில் காலை ஆட்டக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது, கேட்காமல் கண்ணாடியை இறக்கக் கூடாது. பெண்டாட்டி செத்தது மறந்துபோயிற்று. பெண் கொடுத்த இடத்தில் பணிந்து போக வேண்டும் என்பது மறக்கவில்லை. அவர் அமைதியாக இருக்கிறார் என்று நாங்கள் சந்தோஷப்பட்டதெல்லாம் அந்தப் பணிவுதான்.

அன்று சமையலறையில் போய்ப் பாத்திரத்தையெல்லாம் சத்தமாகத் தேய்த்தேன். ஆத்திரத்தில் அழுகை வந்தது. சீட்டு நுனியில் அப்பா உட்காரும் எந்தக் கோலத்தைப் பார்க்கக் கூடாது என்று முப்பது வருடமாக ஒரு வண்டியைத் தூக்கிப் பேசினேனோ, அதையே இனி தினமும் சாயங்காலம் நானே ஏற்பாடு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அவர் பைபாஸ் லாரிக்கு முன்னால் போய் நிற்பார். என் கணவர் உள்ளே வந்தார். "வேணும்னா அம்பாசிடரக் குடுத்துடலாம். நான் சமாளிக்கிறேன்" என்றார். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அது நடக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு, பத்மினி போகட்டும் என்றேன்.

வாலாஜாபேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். பழைய வண்டிகளைப் பளபளப்பாக்கி, கல்யாண ஃபோட்டோ எடுக்க வாடகைக்கு விடுகிறவர். கதவைத் திறந்ததும் ஒரு அடி பின்னால் போனார். "இன்னாக்கா இது, மீன் ஏத்துனீங்களா?" என்று கேட்டார். சீட்டை மாற்றிவிட்டால் போய்விடும் என்று அவரே சொல்லிக்கொண்டார். அப்பா அப்போது உள்ளே டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டு நிமிர்வார், எழுந்து வருவார், கூச்சல் போடுவார் என்று நான் வாசலுக்கும் உள்ளுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். அவர் நிமிரவில்லை. இன்னொரு இட்லி கேட்டார். வண்டி சந்தில் ஒரே ஒடிப்பில் திரும்பிப் போனது. அவர் தேடாதது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது.

பகல் முழுக்க என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. காலி மனையில் வேப்ப மரத்தடியில் எண்ணெய்க் கறையும் இரண்டு பூனைகளும் இருந்தன. சங்கு ஊதியது. அப்பா எழுந்தார், பட்டனைப் போட்டார், அவிழ்த்தார். "கெளம்பலாமா?"

கிளம்பினோம். என் கணவர் ஓட்ட, நான் அப்பாவோடு பின்னால் உட்கார்ந்தேன். எங்கே போவது என்று யாரும் பேசவில்லை. மாதனூரில் வண்டி தானாகத் திரும்பின மாதிரி ஒடுகத்தூர் ரோட்டில் போனது. நான் வாழ்க்கைப்பட்ட அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். சும்மா ஒரு சுற்றுப் போய்விட்டு வரலாம் என்று என் கணவர் நினைத்திருப்பார். இரண்டு பக்கமும் கடலைச் செடி பச்சையாக இருந்தது. எனக்கு எதுவும் பார்க்கப் பிடிக்கவில்லை. அப்பா நுனியில் உட்கார்ந்திருந்தார், செருப்பில்லாத காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு.

ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது, கூட்டத்துக்காக வண்டி மெதுவானது. அப்பா ஜன்னல் வழியாக நிற்கிற பஸ்களைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அவர் கண் ஒரு இடத்தில் நின்றது.

"சம்பந்தியம்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்ததிலிருந்து என்னைப் பாப்பா என்று கூப்பிட்டவர்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க பொண்ணு எப்படி இருக்குது? இங்க ஒழுங்கா நடந்துக்குதா?"

முன்னால் கண்ணாடியில் என் கணவரின் கண் தெரிந்தது. அவர் வண்டியை இன்னும் மெதுவாக ஓட்டினார். என் மாமியார் இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதை நான் சொல்ல மாட்டேன்.

"நல்லா இருக்கா. எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. கோவந்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

அப்பா சிரித்தார். "அது என்னோடதுங்க. அவங்கம்மாவுக்குக் கோவமே வராது." கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு இன்னும் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணு சொல்லணும். அடுத்த மாசத்துலருந்து நீங்க எனக்கு வண்டி அனுப்ப வேணாம். மரியாதக் கொறச்சலா எடுத்துக்காதீங்க. நானே ஒரு வண்டி பாத்து வெச்சிருக்கேன். டாக்டரு ஒருத்தரோடது. பத்மினி. சின்ன வண்டிதான்."

"எதுக்குங்க, நாங்கதான் அனுப்பறமே?" என்று கேட்டேன். கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"பொண்ணப் பாக்கணும்னு தோணுச்சுன்னா எந்நேரமும் வரலாமில்லீங்களா. மாசக் கடைசிவரைக்கும் காத்துட்டு, உங்களுக்குச் சொல்லி அனுப்பிச்சி, நீங்க பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்னு…" அவர் கையை விரித்தார். "வீட்ல பஸ்ல இடுப்பு வலிக்குதுன்னு சொல்லியிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லுங்க. பொண்ணுக்குத் தெரிஞ்சா சங்கடப்படும்."

நான் வெளியே பார்த்தேன். காலையில் அந்த வண்டி சந்தில் திரும்பிப் போனபோது நான் வாசலில் நின்று அதைச் சரியாக வழியனுப்பக்கூட இல்லை. பூனைகள்தான் பின்னால் கொஞ்ச தூரம் போயின.

அப்பா முன்னால் சாய்ந்து, வழுக்கைத் தலையிடம் பேசினார். "சம்பந்தி, உங்களுக்கு வண்டியப் பத்தித் தெரியும். அம்பாசிடர் மாதிரி வராதுதான். ஆனா வாங்கலாம் இல்லீங்களா?"

என் கணவர் வண்டியை ஓரமாக, ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் முகம் தெரிந்துவிடும் என்று நினைத்திருப்பார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, ஒரு வார்த்தை விட்டு ஒரு வார்த்தையாகச் சொன்னார்.

"தாராளமா வாங்குங்க சம்பந்தி. எஞ்சின் கொஞ்சம் சின்னது. ஆனா வண்டி எடை கம்மி. ஒரு குதிர இழுக்கற கிலோவ வகுத்துப் பாத்தா, இதவிட அதுதான் நல்ல வண்டி."

அப்பா ரொம்ப நேரம் தலையை ஆட்டினார். பிறகு மெல்லப் பின்னால் நகர்ந்து, அந்தச் சீட்டில் முதல் தடவையாக முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். என்னைக் கேட்காமலேயே கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.